ஸ்டென் கன் மட்டம், எம்பி 40 உசத்தியா?

அடுத்த கேள்வி. "இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் ஜெர்மன் சிப்பாய்கள் எல்லாரும் எம்பி 40 வைத்துச் சுட்டுத் தள்ளுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்களின் ஸ்டென் கன்னை மட்டும் தண்ணீர்க் குழாய் என்று கிண்டல் செய்கிறார்கள். நிஜத்திலும் அவ்வளவு வித்தியாசமா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டுமே பிஸ்டல் தோட்டாவைச் சரமாரியாகச் சுடும் சின்ன இயந்திரத் துப்பாக்கிகள். முதலில் அந்த 'எல்லாரும்' என்பதே தப்பு. பத்துப் பேர் கொண்ட ஜெர்மன் காலாட்படைக் குழுவில் எம்பி 40 பெரும்பாலும் தலைவர் கையில்தான் இருக்கும். ஒருவரிடம் மெஷின் கன். மற்றவர்களிடம் இருந்தது, ஒவ்வொரு முறையும் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் துண்டு) இழுத்துத் தள்ள வேண்டிய ரைபிள். எம்பி 40 மொத்தமே சுமார் 10 லட்சம்தான் செய்தார்கள். ஸ்டென் 40 லட்சம் வரை போனது.

சரி, தரம்? பார்வைக்கு எம்பி 40 லட்சணமானது, மறுக்கவில்லை. ஸ்டென் 1941இல் அவசரத்துக்குச் செய்தது. 1940இல் பிரான்சின் டன்கிர்க்கிலிருந்து பின்வாங்கியபோது தளவாடங்களை விட்டுவிட்டு வந்த பிரிட்டனுக்கு அமெரிக்கத் தாம்சன் துப்பாக்கியின் விலை கட்டுப்படியாகவில்லை. குழாயை வெட்டி, தகட்டை வளைத்து, வெல்டிங் வைத்து, இரண்டு மூன்று பவுண்டில் முடித்துவிட்டார்கள்.

ஆனால் பிரித்துப் பார்த்தால் இரண்டும் பங்காளிகள்தான். அதே 9 மி.மீ. பிஸ்டல் தோட்டா. விசையை இழுத்ததும் கனமான போல்ட் முன்னால் பாய்ந்து சுடுகிற அதே முறை. 100 மீட்டரைத் தாண்டினால் இரண்டையும் நம்ப முடியாது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கிற ஆபத்தும் இரண்டிலும் உண்டு.

பெரிய தொல்லை, தோட்டாக்களை நிரப்பி மாட்டுகிற பெட்டியான மேகசின். உள்ளே தோட்டாக்கள் இரண்டு வரிசையாக ஏறி, வாய்ப் பக்கம் வந்ததும் நெருக்கியடித்து ஒற்றை வரிசையாக வேண்டும். கொஞ்சம் மணல் போனாலோ, வாய்த் தகடு லேசாக நசுங்கினாலோ அங்கேயே சிக்கிக்கொள்ளும். இது எம்பி 40க்கும் பொருந்தும். 32 கொள்ளும் ஸ்டென் மேகசினில் 28, 30 என்று நிறுத்திக்கொண்டது இதனால்தான். மேகசினையே கைப்பிடியாகப் பிடித்துச் சுட்டாலும் சிக்கும். படங்களில் எம்பி 40ஐ ரொம்பப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

ஸ்டென்னைத் திட்டுகிறவர்கள் உடனே பிராக் சம்பவத்தை எடுப்பார்கள். 1942 மே 27 அன்று, ஜெர்மனி பிடித்து வைத்திருந்த செக் பகுதியை ஆண்ட நாஜித் தலைவர் ஹைட்ரிக்கைக் கொல்ல, அவர் காருக்கு எதிரே நின்ற செக்கோஸ்லோவாக்கிய வீரர் காப்சிக் விசையை இழுத்தார், ஸ்டென் சுடவில்லை. கூட வந்த குபிஷ் எறிந்த குண்டில்தான் ஹைட்ரிக் காயப்பட்டு, ஜூன் 4இல் இறந்தார். நடந்தது உண்மைதான். ஆனால் அதே ஸ்டென்னைத்தான் ஐரோப்பா முழுக்க நாஜிகளை எதிர்த்த ரகசியப் படையினர் கழற்றி, பைக்குள் ஒளித்துக் கொண்டுபோனார்கள். ஜெர்மானியர்களிடம் பிடுங்கிய தோட்டாவையே அதில் போட்டுச் சுட்டார்கள். காட்டிலும் நிலவறையிலும் பதுங்கியிருப்பவனுக்கு அழகா முக்கியம்?

அப்புறம், போர் முடிகிற நேரத்தில் ஜெர்மனிக்கும் அதே அவசரம் வந்தது. மௌசர் தொழிற்சாலை ஸ்டென்னை அதன் பிரிட்டிஷ் முத்திரைகள் உட்பட அப்படியே காப்பியடித்தது. அடுத்து, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த மேகசினைக் கீழ்ப்பக்கம் மாற்றி எம்பி 3008 என்று ஒன்றைச் செய்தார்கள். அதில் மாட்டியது எம்பி 40இன் மேகசினை!