முக்கோணத்தில் மாட்டிக்கொண்ட ஆமை

நேயர்களுக்கு வணக்கம்.

"பொண்ணு மூணாம் வகுப்பு படிக்கிறா, கோடிங் கிளாஸ்ல சேர்த்துவிடலாமா?" என்று கேட்காத பெற்றோர் இப்போது குறைவு. சேர்த்தால் கணக்கு வரும், மூளை கூர்மையாகும் என்கிறது விளம்பரம். இந்த நம்பிக்கை இன்று நேற்று வந்ததில்லை. 1967-இல் அமெரிக்காவில் சேமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலானோர் பிள்ளைகளுக்காகவே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதில் ஆமை என்ற பெயரில் ஒரு சின்ன உருவமும் வந்து சேர்ந்தது. கட்டளை தட்டினால் நகர்ந்து கோடு போடும்.

சதுரத்தைச் சின்னப் பிள்ளைகூடச் சீக்கிரம் போட்டுவிடும். ஃபார்வர்டு 100, ரைட் 90. அதாவது நூறு எட்டு முன்னால் போ, வலப்பக்கம் 90 டிகிரி திரும்பு. இதையே நான்கு தடவை. வேடிக்கை முக்கோணத்தில்தான். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்த பிள்ளை ரைட் 60 என்றே தட்டும். ஆமை மூன்று கோடு போட்டுவிட்டு, பாதி அறுகோணத்தில் வாய் பிளந்து நிற்கும். அது திரும்ப வேண்டியது வெளிக்கோணம், அதாவது 180-இல் 60 போக மீதி 120. எழுந்து, தானே ஆமையாக நடந்து பார்க்கிற பிள்ளைக்கு இது பிடிபடும். மற்றவர்கள் 70, 80, 90 என்று எண்ணை மாற்றி மாற்றித் தட்டி எப்படியோ 120-க்கு வந்துவிடுவார்கள். படம் வந்துவிடும். ஏன் வந்தது என்று கேட்டால் பதில் வராது.

1980-களில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு வருடம் லோகோ படித்த பிள்ளைகளைச் சோதித்தார்கள். கரும்பலகை துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வகுப்பறை வேலைகளைக் குறைந்த நடையில் முடிக்கத் திட்டம் போட வேண்டும். லோகோ தெரியாத பிள்ளைகளைவிட இவர்கள் ஒன்றும் மேலாகச் செய்துவிடவில்லை. பீ இன்னொன்றும் கவனித்தார். கணினிக்குள் யாரோ இருக்கிறார், நாம் சொல்லாமல் விட்டதையும் அவர் புரிந்துகொள்வார் என்ற நினைப்பு பிள்ளைகளிடம் இருந்தது. பெரியவர்கள் மட்டும் என்ன, அப்படித்தானே!

சரி, அப்படியானால் எல்லாம் வீணா? அவசரப்படாதீர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ளார், ஷாரன் கார்வர் இருவரும் பிழை தேடுவதையே பாடமாக நடத்திப் பார்த்தார்கள். வந்த படத்துக்கும் வர வேண்டிய படத்துக்கும் என்ன வித்தியாசம்? என்ன மாதிரிப் பிழை? நிரலில், அதாவது தட்டிய கட்டளைகளில், அது எந்த இடத்தில் இருக்கும்? இப்படிப் பழகிய பிள்ளைகள், கணினியே இல்லாமல், தாளில் எழுதிக் கொடுத்த வழிக்குறிப்பில் இருந்த தப்பையும் முன்பைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். 1988-இல் வெளிவந்த ஆய்வு இது.

அதனால் கோடிங் வகுப்புக்குப் போனால் ஒரு பத்து நிமிஷம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை தப்புப் பண்ணியதும் ஆசிரியர் மவுஸை வாங்கித் தானே திருத்திக் கொடுத்துவிடுகிறாரா? அப்படியானால் ஃபீஸ் கட்டுவதற்கு முன் இன்னும் நாலு இடம் விசாரியுங்கள். நன்றி, வணக்கம்.