மலைக்கு ஓர் இடுப்புப் பை: எதைப் பார்த்து வாங்குவது?

[காட்சி: விடியற்காலை மாட்டுச் சந்தை. வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டிய வியாபாரி ஒருவரின் இடுப்பு மட்டும் திரையில் தெரிகிறது.]

வணக்கம். ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமைகளில் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு, வேட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டிய அகலமான பச்சை பெல்ட் நினைவிருக்கும். வியாபாரியின் ஒரு கை மாட்டின் கயிற்றைப் பிடித்திருக்கும். மறு கை துண்டுக்கு அடியில் அடுத்தவரின் விரல்களைத் தொட்டு விலை பேசிக்கொண்டிருக்கும். பேரம் படிந்ததும், கயிற்றை விடாமலேயே இடுப்பிலிருந்து பணத்தை எடுத்துவிடுவார். அந்த பெல்ட் அகலமானது, உடம்போடு ஒட்டியிருப்பது, ஒன்றிரண்டு பைகளுக்கு மேல் இல்லாதது. மலையேறுவதற்கும், குளக்கரையில் பறவை பார்ப்பதற்கும் இடுப்புப் பை வாங்குபவரிடம் நான் பார்க்கச் சொல்வதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

[காட்சி: தரையில் விரித்த துண்டு. அதன்மேல் பொருட்கள். பக்கத்தில் சமையலறைத் தராசு.]

கடைக்குப் போகும் முன்பு வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தப் பயணத்துக்காகப் பை வாங்குகிறோமோ, அந்தப் பயணத்தில் நடையை நிறுத்தாமல் கைக்கு எட்ட வேண்டிய பொருட்களை மட்டும் ஒரு துண்டின் மேல் பரப்பி, ஒவ்வொன்றாக எடை போட வேண்டும். மாற்றுத் துணியும் போர்வையும் முதுகுப் பைக்கு உரியவை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பூண்டி அடிவாரத்திலிருந்து வெள்ளியங்கிரி மலை ஏறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி முதல் மே வரையிலான நாட்களில், வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவில்தான் ஏறுகிறார்கள். நான் எடை போட்ட கணக்கு இது: கைப்பேசி 200 கிராம், பவர் பேங்க் 220, தலையில் மாட்டும் விளக்கு 90, அரை லிட்டர் தண்ணீர் குப்பியோடு சேர்த்து 600, கடலை மிட்டாய் 150, மெல்லிய மழைக்கோட்டு 250, மருந்தும் கட்டுத் துணியும் 80, சாவியும் பணமும் 100, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் 40. கூட்டினால் 1,730 கிராம் வருகிறது. கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை போன்ற சுனைகள் வழியில் இருப்பதால் அரை லிட்டர் குப்பியை நிரப்பிக்கொண்டே போகலாம். ஆனால் வறண்ட ஆண்டில் சுனையை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்பதால், கூடுதல் தண்ணீர் முதுகுப் பையில் இருக்கட்டும். அடிவாரத்தில் வனத்துறையினர் நெகிழிப் பொருட்களைச் சோதிப்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்து, தின்பண்டங்களைத் துணிப்பையில் மாற்றிக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பு. மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய கரைசல் பொட்டலம் ஏறத்தாழ 21 கிராம் இருக்கும்; அது முழு ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டியது. அரை லிட்டர் குப்பி வைத்திருப்பவர் அதை அப்படியே கொட்டிக் கரைத்தால் கரைசல் இரு மடங்கு அடர்த்தியாகிவிடும். 200 மில்லி நீருக்கான சிறு பொட்டலங்கள் தனியே விற்கின்றன. இடுப்புப் பைக்கு அவைதான் ஏற்றவை.

என் அனுபவத்தில் இரண்டு கிலோ என்பது இடுப்புப் பையின் எல்லை. அதற்கு மேல் போனால், பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் அது இடுப்பைக் கீழே இழுக்கும். உங்கள் பட்டியல் இரண்டு கிலோவைத் தாண்டினால் பெரிய இடுப்புப் பையைத் தேடாமல், சிறிய முதுகுப் பைக்கு மாறிவிடுங்கள்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசி, சாவி, பணம், ஒரு சிறு விளக்கு மட்டும் போதும் என்பவருக்கு ஒரு லிட்டர் பை போதும். மேலே சொன்ன பட்டியலுக்கு மூன்று லிட்டர் பையும் வெளியே ஒரு குப்பி வைக்கும் இடமும் தேவைப்படும். சீட்டில் எழுதியிருக்கும் அளவில் ஐயம் இருந்தால், பையைப் பொரியால் நிரப்பி, அந்தப் பொரியை லிட்டர் அளவுள்ள பாத்திரத்தில் கொட்டிப் பாருங்கள். பைத் தொழிலிலும் சிறு உருண்டைகளை நிரப்பி அளக்கும் முறை உண்டு என்பதால், இதை வேடிக்கை என்று எண்ண வேண்டாம்.

[காட்சி: இடுப்பில் குடம் வைத்து நடக்கும் பெண்ணின் கோட்டோவியம். அதன்மேல் இடுப்புப் பை வரையப்படுகிறது.]

இனி வார். பெரும்பாலோர் பையின் முகப்பையும் அறைகளின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குகிறார்கள். நானோ பையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகையும் வாரையும்தான் முதலில் பார்ப்பேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும் பெண்கள் அதை வயிற்றின் மேல் வைப்பதில்லை. இடுப்பெலும்பின் விளிம்பில் உட்கார வைத்து, கையால் உடம்போடு அணைத்துக்கொள்கிறார்கள். எடையை எலும்பு தாங்குகிறது, கை அதை ஆடாமல் பிடிக்கிறது. இடுப்புப் பையின் வாரும் அந்த எலும்பின் மேல்தான் படிய வேண்டும். வயிற்றில் கட்டினால், சாப்பிட்ட பிறகும் மூச்சு வாங்கும்போதும் அது அழுத்தும். உடனே தளர்த்துவோம், தளர்த்தியதும் பை குதிக்கத் தொடங்கும்.

பை ஏன் குதிக்கிறது என்பதற்கும் குடத்திலேயே விடை இருக்கிறது. நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே உண்மை. ஐந்து லிட்டர் பையில் இரண்டு லிட்டர் பொருளைப் போட்டால், ஒவ்வோர் அடிக்கும் உள்ளே இருப்பவை இடம் மாறி மோதும். எடை உடம்பிலிருந்து விலகி வெளியே தொங்கத் தொங்க, அதே எடை இன்னும் அதிகமாக இழுக்கும். ஆகவே பெரிய பையை வாங்கிப் பாதியாகப் பயன்படுத்துவதைவிடச் சிறிய பையை நிறைத்துப் பயன்படுத்துவது மேல். பெரியதுதான் வேண்டுமென்றால், பக்கவாட்டில் இழுத்துச் சுருக்கும் வார்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர்க் குப்பி போன்ற கனமான பொருள் முதுகை ஒட்டியும், மழைக்கோட்டு வெளிப்புறமாகவும் இருக்கட்டும்.

வாரின் அகலம், ஒரு கிலோவுக்குள் என்றால் 25 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் 38 மில்லிமீட்டரும், இடுப்பின் இரு பக்கமும் வந்து அணைக்கும் மெத்தைச் சிறகுகளும் தேவை. சேலையோ சுடிதாரோ அணிந்து ஏறும் பெண்களுக்கும் வேட்டி கட்டுபவர்களுக்கும், குறுகிய வார் துணியைச் சுருட்டி மடிப்பின் மேல் மடிப்பாக அழுத்தும் என்பதால், குறைந்த எடைக்கும் அகலமான வாரே நல்லது. இடுப்பளவை மலையில் உடுத்தும் உடைக்கு மேல், ஸ்வெட்டரோடு சேர்த்து எடுங்கள். நின்று ஒரு முறை, உட்கார்ந்து ஒரு முறை.

வார் நாடாவின் நூலும் முக்கியம். வழவழப்பான பாலிபுரொப்பிலீன் நாடா விலை குறைவு, ஆனால் பக்கிளில் நழுவும், வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும். நைலான் உறுதியானது, நனைந்தால் சற்றே நீளும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. என் முதல் பையின் நாடா, வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் ஐந்தாவதில், நள்ளிரவில், நூறு அடிக்கு ஒரு முறை நழுவியது. அன்று இறுக்கிய கணக்கை நான் வைத்திருக்கவில்லை.

[காட்சி: நூல் கண்டுகள். ஒரு பக்கம் பருத்தி, ஒரு பக்கம் நைலான்.]

துணியைப் பற்றிக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வது, “நல்ல கெட்டித் துணிங்கண்ணா, கிழியவே கிழியாதுங்க” என்பதுதான். அவரிடம் டெனியர் எவ்வளவு என்று கேளுங்கள். திருப்பூர், கோவை வட்டாரத்தில் நூலைக் கவுண்ட் கணக்கில் பேசிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பருத்தியில் கவுண்ட் ஏற ஏற நூல் மெல்லியதாகும். டெனியர் ஏற ஏற நூல் தடிக்கும். காரணம் எளிது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளமுள்ள நூல் சிட்டங்கள் எத்தனை என்பது கவுண்ட். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது டெனியர். 5,315 என்ற எண்ணைக் கவுண்ட்டால் வகுத்தால் டெனியர் கிடைக்கும். பனியன் கம்பெனியில் ஓடும் 40 கவுண்ட் நூல் ஏறத்தாழ 133 டெனியர். 500 டெனியர் என்பது 10 கவுண்ட்டுக்கும் 11 கவுண்ட்டுக்கும் இடைப்பட்ட தடிமன். இந்தக் கணக்கு தெரிந்தால் கடையில் உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பாறையில் உரசி உட்காரும் பழக்கமுள்ளவருக்கு 420 அல்லது 500 டெனியர் நைலான் பொருத்தம். 210 டெனியர் துணி எடை குறைந்தது. இடையிடையே தடித்த நூலைக் கட்டம் கட்டமாக விட்டு நெய்த ரிப்ஸ்டாப் வகையாக இருந்தால், ஒரு முள் கிழித்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். 600 டெனியர் பாலியெஸ்டர் பள்ளிப் பைகளில் நாம் பார்ப்பது; எண் பெரிதாக இருந்தாலும் உரசலைத் தாங்குவதில் நைலானே மேல், வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டர் மேல்.

துணியின் உட்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு நீரைத் தடுக்கும். ஆனால் ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் நாளடைவில் பிசுபிசுத்து உரியும். வால்பாறையில் மழையில் நனைந்த பையை அப்படியே பீரோவில் போட்டு வைத்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரிந்திருக்கும். அதோடு, பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தையல் துளைகளும் ஜிப்பும் நீரை விடும். கைப்பேசிக்குத் தனியே ஒரு மூடிய உறை வேண்டும்.

[காட்சி: ஒரு கையில் மூங்கில் தடி. மறு கை ஜிப்பை இழுக்கிறது.]

வெள்ளியங்கிரியில் ஒரு கை மூங்கில் தடிக்கு உரியது. ஆகவே கடையிலேயே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையால் மட்டும் ஜிப்பைத் திறந்து மூடிப் பாருங்கள். ஜிப்பில் முன்னும் பின்னும் நகரும் ரன்னரின் பின்புறத்தில் பெரும்பாலும் ஓர் எண் பொறித்திருக்கும். மூடிய பல்வரிசையின் அகலத்தை அது ஏறத்தாழ மில்லிமீட்டரில் குறிக்கும். 3 என்பது உள்ளறைக்குப் போதும். முதன்மை அறைக்கு 5 இருக்கட்டும். ரன்னரின் இழுப்பில் ஒரு கயிற்றுத் துண்டு கட்டியிருந்தால், குளிரில் மரத்த விரலும் அதைப் பிடிக்கும்.

வாரும் பையும் சேரும் இடத்தில் நெருக்கமாக, முன்னும் பின்னும் ஓடிய பார்டாக் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பூரில் வேலை செய்யும் எவரும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். ஒற்றைத் தையல் மட்டும் ஓடியிருந்தால் அந்தப் பையை அங்கேயே வைத்துவிடலாம்.

உள்துணி வெளிர் நிறமாக இருக்க வேண்டும். கறுப்பு உள்துணிக்குள் கறுப்பு விளக்கை, விளக்கில்லாமல் தேடுவது எத்தகைய வேலை என்பதை விவரிக்கத் தேவையில்லை. வெளி நிறம் உங்கள் விருப்பம்.

ஏற்றத்தில் பை பின்பக்கம் இருக்கட்டும். முன்பக்கம் இருந்தால் உயரமான படியில் தொடை இடிக்கும். பழனியில் தைப்பூசக் கூட்டம் போன்ற நெரிசலில் முன்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் கத்தி, உலோகக் குப்பி போன்ற கடினமான பொருள் முதுகெலும்பின் நேர் மேலே இருக்க வேண்டாம். இறக்கத்தில் சறுக்கி உட்கார்ந்தால் அடி அங்கேதான் விழும்.

[காட்சி: சென்னிமலைப் படிகள். தையல் சாக்பீஸால் வார் நாடாவில் கோடு போடும் கை.]

வாங்கிய பையைப் பெரிய மலைக்கு நேராக எடுத்துப் போகாதீர்கள். பொருள்களை எல்லாம் நிரப்பி, சென்னிமலையின் 1,320 படிகளை ஒரு காலையில் ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறும் முன், பக்கிளிலிருந்து நாடா வெளிவரும் இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இறங்கி வந்ததும் அந்தக் கோடு பக்கிளை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அரை அங்குலத்துக்குள் என்றால் பை உங்களுடையது. அதற்கு மேல் என்றால், பில்லோடு சேர்த்து அதே வாரத்தில் கடைக்குத் திருப்பி எடுத்துப் போங்கள்.