ஃபுளோரிடாவின் துரும்பு

(பொங்கல் விழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை 'அறிஞர்' என்று சொல்லி வியர்க்க வைத்த செயலாளர் அவர்களே, பட்டிமன்றத்தில் இரண்டு அணியையும் கோபப்படாமல் வீட்டுக்கு அனுப்பிய நடுவர் அம்மா அவர்களே, காலை ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டிய சமையல் குழுவினரே, நடனமாடிய குழந்தைகளே, அவர்களுக்குச் சடை பின்னிய தாய்மார்களே, வணக்கம். சால்வைக்கு நன்றி. டாம்பாவில் ஆண்டுக்கு நாலு நாள்தான் சால்வை போர்த்தலாம். இன்று அதில் ஒரு நாள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'ஃபுளோரிடா வாக்களித்த கதை'. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். இரண்டு, தேர்வாளர் குழு, அதாவது மாநிலங்களுக்கு ஒதுக்கிய தேர்வாளர்களின் வாக்கால் அதிபரை முடிவு செய்யும் ஏற்பாடு. மூன்று, அதன்பின் இந்த மாநிலம் நிறம் மாறிய விதம். என்னை முன்பே கேட்டவர்களுக்குத் தெரியும், எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே பழமொழியில் வந்து நிற்பேன்: சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

2000 நவம்பர் 7. இங்கே ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்தார்கள். அன்று ஃபுளோரிடாவுக்கு 25 தேர்வாளர் வாக்குகள். மாநிலத்தில் முந்தியவருக்கு அத்தனையும். அந்த 25 யாருக்கோ அவருக்கே வெள்ளை மாளிகை. தொலைக்காட்சிகள் வெற்றியை முதலில் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குக் கொடுத்தன, திரும்ப வாங்கின. நள்ளிரவுக்குப் பின் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கொடுத்தன, அதையும் திரும்ப வாங்கின. கோர் புஷ்ஷுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் போட்டு, வாழ்த்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்! அப்போது இங்கே ஆளுநர் யார்? புஷ்ஷின் தம்பி. சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில்கூட இத்தனை சிக்கல் வராது.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் மணியைத் தொடாமல் இருக்க வேண்டுகிறேன்.

அப்போது நாங்கள் பாம் பீச் கவுண்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி, வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு வேலை விசா, ஓட்டு கிடையாது. கீழ்வீட்டில் ஒரு பாட்டியம்மா, நியூயார்க்கில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் கையெழுத்தையே திருத்துவார். மறுநாள் காலை கதவைத் தட்டுகிறார். முகம் வெளிறிக் கிடக்கிறது. "நான் யாருக்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை தம்பி" என்கிறார். அவர் சொன்னது ஆங்கிலத்தில், அந்தத் 'தம்பி' மட்டும் என் கைச்சரக்கு. என் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி மேசையில் இருந்த கார்ன்ஃபிளேக்ஸ் அட்டைப் பெட்டியைக் கிழித்தார். அப்போது அங்கே ஓட்டுப் போடுவது என்றால் சீட்டில் துளை குத்துவது. நடுவில் வரிசையாகப் புள்ளி வைத்தார். இடப்பக்கம் சில பெயர், வலப்பக்கம் சில பெயர், குத்த வேண்டிய துளைகள் மட்டும் நடுவில் ஒரே வரிசை. எழுதிக் காட்டிவிட்டு, பல் குத்தும் குச்சி ஒன்று எடுத்தார். ஆமாம், பல் குத்தும் குச்சியேதான்! இடப்பக்கம் முதல் பெயர் புஷ், முதல் துளை. இரண்டாவது பெயர் கோர். பாட்டி இரண்டாவது துளையில் குத்தினார். ஆனால் அந்தத் துளை, வலப்பக்கம் இருந்த வேறொரு வேட்பாளர் பேட் புக்கானனுடையது. கோருக்கு மூன்றாவது. சந்தேகம் வந்து அதையும் குத்தியிருக்கிறார். இரண்டு துளை விழுந்தால் அந்த ஓட்டு செல்லாது. தோசை கருகிப்போனது. யாரும் கவனிக்கவில்லை.

பாட்டி ஒருவர் அல்ல. அந்த ஒரு கவுண்டியில் 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகளில் இப்படி இரண்டு துளை. புக்கானனுக்கு அங்கே 3,407 வாக்கு. அத்தனையும் எனக்கு விழுந்ததாக இருக்காது என்று அவரே சொன்னார்!

வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் சில கவுண்டிகளில் சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணினார்கள். குத்தியும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்த காகிதத் துணுக்குக்கு 'சாட்' என்று பெயர். தொங்கும் சாட், குழிந்த சாட், கர்ப்பிணி சாட் என்றெல்லாம் வகை பிரித்தார்கள். ப்ரோவர்ட் கவுண்டியில் நீதிபதி ஒருவர் பூதக்கண்ணாடியுடன் கண்ணை உருட்டிச் சீட்டைப் பார்க்கும் படம் உலகமெல்லாம் போனது. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று மறு எண்ணிக்கையை முடித்துவைத்தது. புஷ் வென்றார். வித்தியாசம் 537 வாக்குகள். இந்த மண்டபத்தில் 600 நாற்காலி என்று செயலாளர் சொன்னார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றார்கள். அந்தத் துரும்பு அதிபரையே தீர்மானித்தது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். நான் 2009இல் குடியுரிமை பெற்றேன். சத்தியப்பிரமாணம் எடுத்து, கொடியை ஆட்டி, படமும் பிடித்துக்கொண்டேன். அதோடு வாக்காளர் ஆகிவிட்டதாக நினைப்பு. அடுத்த ஆண்டு இஸ்திரி போட்ட சட்டையோடு சாவடிக்குப் போனால், பட்டியலில் பெயர் இல்லை. ஃபுளோரிடாவில் தேர்தலுக்கு 29 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். யார் மீதும் குற்றமில்லை. நான் படிவம் நிரப்பவில்லை, அவ்வளவுதான். குத்தத் தெரியாமல் பாட்டி ஓட்டை இழந்தார். இந்தக் 'கற்றவன்' பெயரே கொடுக்காமல் இழந்தான்.

மூன்றாவது செய்தியை ஒரே மூச்சில் சொல்கிறேன். 2008, 2012 ஒபாமா, ஜனநாயகக் கட்சியின் நீலம். 2016, 2020, 2024 டிரம்ப், குடியரசுக் கட்சியின் சிவப்பு, கடைசி முறை சுமார் 13 விழுக்காடு முன்னிலையில். இப்போது நமக்கு 30 தேர்வாளர் வாக்குகள். "இத்தனை வித்தியாசத்தில் என் ஒரு ஓட்டு எதற்கு?" என்று முன்வரிசையில் ஒரு தம்பி தலையை ஆட்டுகிறார். தம்பி, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி வாரியத் தேர்தலில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். அங்கே துரும்பு இன்னும் கனம்.

யாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டிலேயே கேட்க மாட்டார்கள். தபால் வாக்குக்குப் போன தேர்தலில் விண்ணப்பித்தோமே என்று இருக்காதீர்கள். பொதுத்தேர்தல் நடந்த ஆண்டு முடிந்தால் அந்த விண்ணப்பமும் முடிந்தது, மறுபடி கேட்க வேண்டும்.

மணி அடித்துவிட்டது. தேர்வாளர் குழுவைப் பற்றி அடுத்த பொங்கலுக்கு. சர்க்கரைப் பொங்கல் பந்திக்குப் போகும் வழியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். வாக்காளர் பதிவுப் படிவம் இருக்கிறது, பேனா இருக்கிறது. என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், அவளைத் தாண்டித்தான் பந்திக்குப் போக வேண்டும்.