200 மெகாபிக்சல் போனும் 24 மெகாபிக்சல் கேமராவும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழான்னு எங்க போட்டோ எடுக்கப் போனாலும் தம்பிங்க ஒரே கேள்விதான் கேக்குறாங்க, "அண்ணா, என் போன்லயே 200 மெகாபிக்சல் இருக்கு, உங்க கேமரால 24 தான், அப்புறம் எதுக்கு இத தூக்கிட்டு அலையறீங்க?"ன்னு. நியாயமான கேள்வி. கடையில அந்த ஒரு நம்பரத்தான் பெருசா எழுதி வெச்சு விக்கிறாங்க, வேற எத வெச்சு அவங்க யோசிப்பாங்க, அதனால இன்னிக்கு அதப் பத்தியே பேசலாம்னு வந்திருக்கேன்.

மெகாபிக்சல்னா பத்து லட்சம் புள்ளி, ஒரு புள்ளிதான் ஒரு பிக்சல். 24 மெகாபிக்சல்னா அகலத்துல 6000, உயரத்துல 4000. இந்தப் புள்ளி எல்லாம் உக்கார்ற எடம்தான் சென்சார். ஃபுல் ஃபிரேம் கேமரால அது 36க்கு 24 மில்லிமீட்டர், பழைய பிலிம் ரோல்ல ஒரு படம் என்ன அளவோ அதே அளவு. நல்ல வெலை போன்ல வர்ற 1/1.3 இன்ச்னு பேர் போட்ட சென்சார் நெஜத்துல கிட்டத்தட்ட 10க்கு 7 மில்லிமீட்டர்தான். பரப்பளவு பாத்தா ஃபுல் ஃபிரேம் 864 சதுர மில்லிமீட்டர், போன் 70 சொச்சம், அதாவது பன்னெண்டு மடங்கு.

ஓசூர் பக்கம் நெலத்த மனை பிரிச்சு விக்கிறாங்க இல்லையா, ஒரே ஏக்கர்ல 20 மனை போட்டாலும் 60 மனை போட்டாலும் நெலம் அதே ஒரு ஏக்கர்தான், மனைதான் சிறுத்துப் போகும். போன்ல நடக்குறதும் இதேதான். 2021ல சாம்சங் முதல் 200 மெகாபிக்சல் சென்சார அறிவிச்சப்போ ஒரு பிக்சலோட அகலம் 0.64 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம்ல அது சுமாரா 6 மைக்ரான். அதனால வெளிச்சம் கம்மியா இருக்குற எடத்துல அந்தப் போனே 16 பிக்சல ஒண்ணா சேத்து 12.5 மெகாபிக்சல் படமாத்தான் கொடுக்குது.

லென்சுக்கும் ஒரு எல்லை இருக்கு. ஒளி அலையா வர்றதால எவ்ளோ நல்ல லென்சா இருந்தாலும் ஒரு புள்ளிய புள்ளியாவே வரைய முடியாது, சின்ன வட்டமாத்தான் விழும், எஃப் 1.8ல (எஃப் நம்பர்னா லென்ஸ் எவ்ளோ தொறந்திருக்குங்கற அளவு) பச்சை ஒளிக்கு அந்த வட்டம் சுமாரா 2.4 மைக்ரான். 0.64 மைக்ரான் பிக்சல்ல அது நாலு பிக்சல் அகலத்துக்குப் பரவிடுது. அப்போ 200 மெகாபிக்சல்னு எண்ணிக்கை இருக்கும், அந்த அளவுக்கு விவரம் இருக்காது.

அடுத்து பெருசாக்குற கணக்கு. கல்யாண ஆல்பத்துல ஒரு பக்கம் 12க்கு 18 இன்ச். ஃபுல் ஃபிரேம் படத்த அந்த 18 இன்ச்சுக்குக் கொண்டு வர 13 மடங்குக்குக் கொஞ்சம் கம்மியா பெருசாக்கினா போதும், போன் படத்த 46 மடங்கு பெருசாக்கணும், லென்சுல இருக்குற கொறையும் கூடவே 46 மடங்காகும்.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுறது நாய்ஸ் சமாச்சாரம், அதாவது படத்துல பொடிப்பொடியா வர்ற கரகரப்பு. ஒளி துணுக்கு துணுக்கா வருது, சீராவும் வர்றதில்ல. ஒரு பிக்சலுக்கு 10,000 துணுக்கு வந்தா முன்னப்பின்ன 100 மாறும், அது 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. 100 துணுக்குதான் வந்துச்சுன்னா முன்னப்பின்ன 10, அது 10 சதவீதம், படம் முழுக்க மணல் தூவின மாதிரி ஆயிடும். எந்தக் கம்பெனி செஞ்சாலும் இதத் தப்பிக்க முடியாது. விடியக்காலம் முகூர்த்தம், மண்டபத்துல மங்கலான வெளிச்சம், பொண்ணு தலை குனியறா, தாலி கட்டுறாங்க, யாரும் அசையாம நிக்க மாட்டாங்க, ஷட்டர் வேகமா வெக்கணும், அதாவது வெளிச்சம் உள்ள வர்ற நேரத்த கொறைக்கணும், அப்போ போன் அந்த மணல தேச்சு வழவழன்னு ஆக்குது, கூடவே பட்டுப்புடவை ஜரிகையோட இழையும் போயிடுது. பெரிய சென்சார்ல அதே நொடியில பன்னெண்டு மடங்கு வெளிச்சம் விழுது, லென்ஸ் எஃப் நம்பரும் ஷட்டரும் ஒண்ணா இருந்தா. அதனாலதான் இழை நிக்குது.

இதுல கேமராக்காரங்களே குழப்பிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. சோனில 'ஏ7எஸ் 3'ங்கற கேமரா 12 மெகாபிக்சல், 'ஏ7ஆர் 4'ங்கற கேமரா 61 மெகாபிக்சல், ரெண்டும் ஒரே சென்சார் அளவு. 61 படத்த 12 அளவுக்குச் சுருக்கிப் பாத்தா சாதாரண ராத்திரி படத்துல வித்தியாசம் பெருசா இருக்காது. தனி பிக்சல் சைஸ விட மொத்தப் பரப்பளவுதான் பெருசு.

அதுக்காக போன் ஆகாதுன்னு சொல்லல. ஒகேனக்கல்ல மத்தியான வெயில்ல பரிசல எடுக்கறீங்க, 6க்கு 4 பிரிண்ட் போடப் போறீங்கன்னா ரெண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல இருந்தாலே போதும், அங்க எந்தப் போனும் சரிதான்.

நான் ஆசையா சொல்ல வந்தது நடுகல்லப் பத்தி. அரூர், ஊத்தங்கரை பக்கம் எவ்ளோ நடுகல் இருக்குன்னு உங்களுக்கே தெரியும், மாடு மீட்கப் போய் செத்த வீரனுக்கு வெச்சது, மேல வட்டெழுத்து, அதாவது பழைய காலத்துத் தமிழ் எழுத்து. பசங்க இப்போ ஊர் ஊரா போய் போன்ல எடுத்துட்டு வர்றாங்க, ரொம்ப நல்ல வேலை அது. ஆனா கல்லோட சொரசொரப்பும் நாய்ஸும் போனுக்கு ஒண்ணாத்தான் தெரியும், ரெண்டையும் தேச்சுட்டு மிச்சமான ஓரத்த கூர்மையாக்கிக் காட்டும், வட்டெழுத்துல ப, வ கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், உளி பட்ட அந்தச் சின்ன வளைவு போச்சுன்னா படிக்கிறவரு என்ன செய்வாரு?

நல்ல வேளையா கல்லு அசையாது. மண்டபத்துல கிடைக்காத நேரம் இங்க கிடைக்குது, சென்சார் பன்னெண்டு மடங்கு சின்னதுன்னா பன்னெண்டு மடங்கு நேரம் வெளிச்சம் வாங்கலாம். போன ஸ்டாண்டுல வைங்க, ரெண்டு நொடி டைமர் போடுங்க, எல்லாத்தையும் நாமளே வெக்கிற ப்ரோ மோடுல ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த எவ்ளோ தூக்கிக் காட்டணுங்கற அளவு) 50 இல்ல 100 வைங்க, ஃபைல் ரா, அதாவது போன் தேய்க்காம அப்படியே கொடுக்குற ஃபைல். ஜூம் பண்ணாதீங்க, மெயின் லென்சுலயே கிட்ட போங்க, ஒரே படத்துல முழுக் கல்லயும் அடக்காம துண்டு துண்டா, ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறுற மாதிரி எடுங்க. நேர் வெயில்ல எழுத்து தெரியாது, காலையிலயோ சாயங்காலமோ வெளிச்சம் பக்கவாட்டுல படணும், இல்லன்னா கல்ல ஒட்டி டார்ச்ச சாய்ச்சுப் பிடிங்க, முதல்ல எடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம், அப்புறம் மேல இருந்து, ஏன்னா ஒரு பக்கம் மறையிற கோடு இன்னொரு பக்க வெளிச்சத்துல தெரியும். சின்ன சென்சார்ல கிட்டயும் தூரமும் சேந்தே தெளிவா விழும், வளைஞ்ச கல்லுக்கு அது வசதிதான். அளவு தெரிய ஒரு ஸ்கேல கல்லு பக்கத்துல வெச்சுடுங்க. அப்புறம் அந்த ரா ஃபைல வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க.