ஓட்டுநர் பாடுவது வீட்டை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க லாரி ஓட்டுநர்களைப் பற்றிய 'கன்ட்ரி' எனும் அந்நாட்டு நாட்டுப்புறப் பாணிப் பாடல்களில் விஞ்சி நிற்பது சாலை தரும் சுதந்திரமா, உழைப்பின் பாரமா என்பது தலைப்பு. பாரமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், 1963-இல் டேவ் டட்லி பாடிப் புகழ்பெற்ற 'சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோட்' பாடலின் துள்ளலையும் கித்தாரின் அதிர்வையும் காட்டி, இது கட்டற்ற மனிதனின் குரல் என்றார். துள்ளல் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துள்ளலுக்குள் ஓட்டுநர் என்னென்ன சொல்கிறார் என்று கேளுங்கள். வண்டியில் அளவுக்குச் சற்று மிஞ்சிய சரக்கு இருக்கிறது. ஓட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டிய பதிவேடு எழுதப்படாமல் பின்தங்கிக் கிடக்கிறது. வழியிலோ மத்திய அரசின் போக்குவரத்து ஆணையம் சோதனை நடத்துகிறது. கண் மூடிவிடாமல் இருக்க அவர் சிறு வெள்ளை மாத்திரைகளை விழுங்கியிருக்கிறார். விரும்பியா விழுங்குகிறார்? ஓட்டிய மைலுக்குத்தான் கூலி என்ற தொழிலில், உறங்கும் ஒவ்வொரு மணி நேரமும் வருமான இழப்பு. இத்தனையையும் அவர் தாங்குவது, ஆறு நாள் கழித்து அன்றிரவு வீடு போய்ச் சேர்வதற்காக. பாட்டின் வேகம் முழுவதும் வீட்டு வாசலை நோக்கிய வேகம், ஐயா! இதை எழுதிய ஏர்ல் கிரீனும் கார்ல் மாண்ட்கோமரியும் அலபாமாவில் தாங்களே லாரி ஓட்டியவர்கள் என்பதால்தான், பதிவேட்டின் கவலை வரை பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, லாரிகள் அணிவகுத்துச் செல்லும் கதையைச் சொல்லும், 1975-இல் வெளிவந்த 'கான்வாய்' பாடலை நண்பர் கலகத்தின் கொண்டாட்டம் என்றார். கலகம்தான், ஆனால் எதற்கு எதிராக? 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் டீசல் விலை ஏறியது. 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வேகவரம்பு வந்தது. மைலுக்குக் கூலி பெறுபவருக்கு வேகத்தைக் குறைப்பதும் கூலியைக் குறைப்பதும் ஒன்றே. ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறுந்தூர வானொலியான சிபி ரேடியோவில் ஒருவரையொருவர் எச்சரித்தபடி அணிவகுத்த அந்த வண்டிகளின் பின்னால் இருப்பது வயிற்றுப்பாடு. அதை வெறும் சாகசமாகக் கேட்பது அந்த ஓட்டுநர்களுக்கு நாம் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

கடைசியாக, 1988-இல் கன்ட்ரி பாடல்களின் தரவரிசையில் முதலிடம் பெற்ற, கேத்தி மாட்டியா பாடிய 'எய்ட்டீன் வீல்ஸ் அண்ட் எ டஸன் ரோஸஸ்'. முப்பது ஆண்டுகள் வண்டியோட்டிய சார்லி, நான்கு நாள் ஓட்டத்தில் இன்னும் பத்தே மைல் மீதமிருக்க, மனைவிக்காக வாங்கிய பன்னிரண்டு ரோஜாக்களுடன் ஓய்வுபெற வருகிறார். சாலைதான் சுதந்திரம் என்றால், அந்தச் சாலையை விட்டு இறங்கும் நாளை அந்தப் பாட்டு ஏன் இத்தனை மகிழ்ச்சியோடு பாடுகிறது என்பதற்கு எதிரணியினர் விடை சொல்லட்டும்.