கட்டிய எலும்பைக் காப்பாற்ற

நேயர்களுக்கு வணக்கம்.

எலும்புப்புரை என்று மருத்துவர் சொன்னதும், வீட்டுக்குப் போய் "மூட்டு தேய்ந்துவிட்டதாம்" என்று சொல்பவர்கள் பலர். எலும்புத் தேய்மானம் என்ற ஒரே சொல் நம் பேச்சில் இரண்டு நோய்களுக்கும் புழங்குவதால் வரும் வினை இது. மூட்டுத் தேய்மானம் வலிக்கும், படியேறும்போது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எலும்புப்புரை அப்படி வலிப்பதில்லை. எலும்புக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பின்னல் மெலிந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு நாள் தண்ணீர் வாளியைத் தூக்கும்போது முள்ளெலும்பு ஒன்று அமுங்கிப்போகும். அதுவரை உள்ளே நடப்பது தெரியாது. வலியே இல்லாத நோய்க்குத் தினமும் ஊசியா என்று பலர் தயங்குவது அதனால்தான். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் அறிக்கையில் டி-ஸ்கோர், அதாவது உங்கள் எலும்பின் அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்கிறோம். ஆனால் ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது அந்த எண்ணை அல்ல. "எப்போதாவது எலும்பு முறிந்ததா? எப்படி விழுந்தீர்கள்?" என்றுதான் கேட்பேன். நின்ற இடத்திலிருந்து விழுந்து இடுப்போ முதுகோ முறிந்திருந்தால், அடுத்த முறிவுக்கான ஆபத்து அடுத்த இரண்டு ஆண்டுகளில்தான் மிக அதிகம். சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாத காலம் அது.

எலும்பு உயிருள்ள திசு. அதில் பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் எல்லாம் கரைப்பதைத் தடுப்பவை. டெரிபாராடைடு, அபலோபாராடைடு, ரோமோசோசுமாப் ஆகிய மூன்றும் கட்டுபவை. பெரும்பாலானவர்களுக்குத் தடுக்கும் மருந்தே போதும். அண்மையில் முறிவு கண்டவர்கள், பல முறிவுகள் உள்ளவர்கள், மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் எலும்பு முறிந்தவர்கள், டி-ஸ்கோர் மிகக் கீழே போனவர்கள் ஆகியோருக்குத்தான் கட்டும் மருந்தை முதலில் தர வேண்டும் என்பேன்.

டெரிபாராடைடு வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனில் ஒரு பகுதிதான் அது. அந்த ஹார்மோன் இரத்தத்தில் எந்நேரமும் கூடுதலாக இருந்தால் எலும்பு கரையும். அதையே நாளுக்கு ஒரு முறை, சிறிது நேரம் மட்டும் உயர்த்தினால் கட்டும் செல்கள் விழித்துக்கொள்கின்றன. அதனால்தான் தினமும் 20 மைக்ரோகிராம் ஊசி. எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது எலும்புப் புற்றுநோய் வந்ததால், கட்டம் கட்டிய எச்சரிக்கை ஒன்று மருந்துக் குறிப்பில் பல ஆண்டுகள் இருந்தது. மனிதர்களிடம் அந்த ஆபத்து கூடியதாகத் தெரியாததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் எலும்புக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் எலும்பில் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இதைத் தருவதில்லை. ரோமோசோசுமாப் மாதம் ஒரு முறை, 12 மாதங்கள். கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு அது கூடாது.

என்னிடம் வந்த ஓர் அம்மா, முதல் நாள் டெரிபாராடைடு நிரப்பிய பேனா வடிவ ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடையில் மடிப்பைப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, பொத்தானை அழுத்தி, மெல்ல ஐந்து வரை எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். முதல் சில நாள்களில் எழுந்ததும் தலை சுற்றலாம் என்பதால் உட்கார்ந்தோ படுத்தோ போட்டுக்கொள்ளச் சொல்வேன். பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. 28 நாள் ஆனதும் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். அந்த அம்மா பேனாவின் மேல் தொடங்கிய தேதியைச் சிறு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். அவரிடம் கற்றுக்கொண்டு, இப்போது எல்லோருக்கும் அதையே சொல்கிறேன்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கட்டும் மருந்து கட்டிய எலும்பு தானாக நிலைக்காது. டெரிபாராடைடை வழக்கமாக இரண்டு ஆண்டுகள் வரை தருவோம். நிறுத்திய பின் தடுக்கும் மருந்து ஒன்றைத் தொடங்காவிட்டால், கூடிய அடர்த்தி கரைந்துபோகும். காலமும் காசும் தினமும் குத்திக்கொண்ட ஊசியும் வீணாகும். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "இது முடிந்ததும் அடுத்தது என்ன?" பதில் தெளிவாகக் கிடைத்த பின் தொடங்குங்கள். முழுக் காலத்துக்கும் செலவைத் தாங்க முடியுமா என்பதையும் அன்றே பேசிவிடுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

வரிசை மாறினாலும் சிக்கல்தான். டெனோசுமாப் போட்டுக்கொண்டிருந்தவரை நேராக டெரிபாராடைடுக்கு மாற்றினால் இடுப்பெலும்பின் அடர்த்தி சில காலம் குறைகிறது. டெனோசுமாப்பை வேறு மருந்து தராமல் நிறுத்துவதோ இன்னும் மோசம். அடங்கியிருந்த கரைப்பு பாய்ந்து எழுந்துவிடும். வெளியூரில் மகன் வீட்டில் தங்கியிருந்த ஒருவர், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போட்டார். திரும்பி வந்தபோது மூன்று முள்ளெலும்புகள் அமுங்கியிருந்தன. அவரிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். ஏழாவது மாதத்தைத் தாண்டவே கூடாது. மாத்திரையை ஐந்து ஆண்டுகள் எடுத்தவருக்கு ஆபத்து குறைந்திருந்தால் மருத்துவர் ஓய்வு தரலாம். டெனோசுமாப்பில் அப்படி ஓய்வே கிடையாது.

தடுக்கும் மருந்தால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று கேள்விப்பட்டு மருந்தே வேண்டாம் என்பவர்கள் உண்டு. எலும்புப்புரைக்குத் தரும் அளவில் அது மிக அரிது. அது வந்துவிடுமோ என்று அஞ்சி மருந்தை விட்டவர்களுக்கு இடுப்பு முறிந்ததைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பல் பிடுங்க வேண்டியிருந்தால் தடுக்கும் மருந்தைத் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். நீண்ட காலம் இந்த மருந்தில் இருப்பவருக்குத் தொடையிலோ கவட்டிலோ காரணமில்லாத மந்த வலி வந்தால் உடனே சொல்லுங்கள். அரிதாகத் தொடை எலும்பில் ஒரு விதமான விரிசல் விழுவதுண்டு. கால்சியம், வைட்டமின் டி குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அவற்றை மட்டும் விழுங்கி எலும்புப்புரையைக் குணப்படுத்த முடியாது.

மறு ஸ்கேனை, முடிந்தால், முன்பு எடுத்த அதே கருவியில் எடுங்கள். கருவி மாறினால் எண்களை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. தடுக்கும் மருந்தில் இருப்பவருக்கு அடர்த்தி ஏறாமல் அப்படியே நின்றாலும் அது நல்ல செய்தி. ஒவ்வொரு முறை வரும்போதும் உயரத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். போன முறையைவிட 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

வணக்கம்.