நிலைக்கதவைத் திருடியவனின் உரிமை

(மனித உரிமை நாளையொட்டிக் காரைக்குடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. பின்னால் இருக்கும் ஆச்சிமாருக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், நிறுத்திச் சொல்கிறேன்.

கூட்டம் தொடங்குமுன் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கானாடுகாத்தான் பக்கம் அவருடைய பூர்வீக வீடு. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். போன மழைக்காலத்தில் இரண்டாங்கட்டு வழியாக ஏறிக் குதித்து, வெண்கலத் தவலை, பித்தளை அண்டா எல்லாம் எடுத்ததுபோக, உள்வாசல் தேக்கு நிலையையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் செதுக்கு வேலைக்கு எங்கே என்ன விலை போகும் என்று தெரிந்த திருடன்! பெரியவர் கேட்டார்: “அவனுக்கும் உரிமை இருக்குன்னு பேசத்தான் வந்திருக்கீகளா தம்பி?” “ஆமாங்க ஐயா” என்றேன். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நல்லவேளை, வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இன்றைக்கு நான் பேசப்போவது பெரும்பாலும் அவருக்குத்தான்.

எங்களைப் போன்ற மனித உரிமை அமைப்புகளின் கொள்கை என்ன, நோக்கம் என்ன என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். கொள்கை விளக்கத்தை வாசித்தால் அரைமணி நேரத்தில் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரு பழைய ஏற்பாட்டைச் சொல்கிறேன். 1961 மே 28ஆம் தேதி, பீட்டர் பெனன்சன் என்ற லண்டன் வழக்கறிஞர், ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் கருத்துக்காகச் சிறையில் கிடப்பவர்களை உலகம் மறந்துவிட்டது என்பது அதன் சாரம். ஓராண்டு இயக்கமாகத் தொடங்கியதுதான் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் ஆயிற்று. 1977இல் அதற்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அது இருக்கட்டும். அந்த ஆரம்பக் காலத்தில் ஒவ்வொரு உள்ளூர்க் குழுவும் மூன்று கைதிகளைத் தத்தெடுத்து, அவர்கள் விடுதலைக்குப் பாடுபட வேண்டும். ஒருவர் மேற்கு நாடுகளில், ஒருவர் கம்யூனிஸ்ட் நாடுகளில், மற்றவர் மூன்றாம் உலக நாடுகளில் சிறைப்பட்டவர். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள். ‘நம்ம ஆளு’ என்று சாய்வதற்கு ஒரு திண்டுகூட வைக்காத ஏற்பாடு அது.

ஆனால் வன்முறையை ஆதரிக்கிறவரை ஆம்னஸ்டிக்காரர்கள் ‘மனசாட்சிக் கைதி’, அதாவது கருத்துக்காக மட்டும் சிறைப்பட்டவர், என்று தத்தெடுக்க மாட்டார்கள். நெல்சன் மண்டேலாவுக்கே 1964இல் அந்தப் பட்டம் கொடுக்கவில்லை. அந்த விதி சரிதானா என்பதில் எனக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை, அது வேறு விஷயம். சித்திரவதை என்று வரும்போது மட்டும் இந்தப் பாகுபாடே கிடையாது. கவிஞனை அடித்தாலும் தப்பு, கன்னக்கோல்காரனை அடித்தாலும் தப்பு. 1984இல் ஐக்கிய நாடுகள் சபை சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா 1997இல் அதில் கையெழுத்துப் போட்டது. ஏற்புறுதி, அதாவது அதற்குக் கட்டுப்படுகிறோம் என்ற முறையான ஒப்புதல், மட்டும் இன்னும் செய்யவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் கல்யாணத்துக்கு நாள் குறிக்காத வீடு மாதிரி.

இப்போது ஐயாவுடைய கேள்விக்கு வருகிறேன். அடிக்கும்போது அவன் திருடன் என்று யாருக்குத் தெரியும்?

நம் சிவகங்கை மாவட்டம், மடப்புரம். 2025 ஜூன். காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகார். கோயில் காவலாளியான ஓர் இளைஞரைப் போலீஸ் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். பிணமாகத்தான் திரும்பினார். உடலில் 44 காயங்கள் என்பது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே பேசப்பட்டது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. அடிப்பதை மறைந்திருந்து கைபேசியில் எடுத்த ஒருவர் இல்லையென்றால் இது எந்த மட்டுக்கு வெளியே வந்திருக்கும்? அந்த இளைஞர் மேல் அன்றைக்கு இருந்தது ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லையா? இருக்கிறது. அது வந்த கதையும் எங்களைப் போன்றவர்கள் போட்ட ஒரு கடிதத்தில்தான் தொடங்குகிறது. மேற்கு வங்கத்தில் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்யும் ஓர் அமைப்பை நடத்திய டி.கே.பாசு, காவலில் நடக்கும் சாவுகள் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை இணைத்து, 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். கடிதமே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தீர்ப்பு வர 1996 டிசம்பர் ஆயிற்று. பத்து வருஷம்! ஆனாலும் பதினொரு கட்டளைகள் கிடைத்தன. கைது செய்கிற காவலர் பெயர் தெரியும்படி பட்டை அணிய வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும், காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும், இப்படி. எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது கைது மெமோ, அதாவது கைது செய்யும்போதே காவலர் எழுத வேண்டிய குறிப்பு. கடைசியில் அதற்கு வருகிறேன்.

என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், தேவகோட்டையில் ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளை. ஐந்தொகை எடுக்கும் நாளில் அரையணா உதைத்தாலும் விளக்கை அணைக்க மாட்டார். முதலாளி வீட்டுப் பிள்ளை எடுத்தாலும் பற்று பற்றுதான் என்பார். எங்கள் வேலையும் கணக்குப்பிள்ளை வேலைதான். ஊர் ஆத்திரப்படும், அரசாங்கம் மறுக்கும், நாங்கள் எழுதி வைக்க வேண்டும். 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சீமையில், தாழ்த்தப்பட்ட மக்கள்மேல் எட்டுத் தடைகள் போடப்பட்டன. பொன், வெள்ளி நகை கூடாது, சட்டை பனியன் கூடாது, முடி வெட்டக் கூடாது, குடை செருப்பு கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கவே கூடாது என்று நீண்டது அந்தப் பட்டியல். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் அதை எழுதி வைத்தார். எழுதாமல் விட்டிருந்தால் ‘அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலையே’ என்று இன்றைக்குச் சொல்ல ஆள் இருக்கும்.

எழுதுவதிலும் சறுக்கியிருக்கிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு செங்கல் சூளையில் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைத்துவைத்திருந்தவர்களைப் பார்க்கப் போனோம். கொத்தடிமை முறை 1976லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது, சூளைக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை. ஓர் அம்மா, “செவ்வாக்கிழமைக்கு மொத நா அடிச்சாக” என்றது. எங்கள் பையன் குறிப்பில் ‘செவ்வாய்’ என்று எழுதினான். நானும் சரிபார்க்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். செவ்வாயன்று சூளைக்காரர் ராமேஸ்வரத்தில் இருந்திருக்கிறார். விடுதி ரசீதை நீட்டிய அவர் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மீதி எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒரு கிழமையில் எங்கள் பத்துப் பக்கமும் சரிந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு எங்களோடு பேசவில்லை. அன்றிலிருந்து சொன்னதை அவர்களுக்கே வாசித்துக் காட்டாமல் நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை. மனித உரிமை ஆணையமும் சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் விசாரிக்காது. தேதிதான் எங்களுக்கு உயிர்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நாளைக்கு யாரைப் பற்றி எழுத நேருமோ அவரிடம் இன்றைக்குக் கை நீட்டக் கூடாது. வாசலில் உண்டியல் இருக்கிறது, பத்து ரூபாய் போதும்.

கைது மெமோவுக்கு வருகிறேன். கைதான நேரமும் தேதியும் அதில் இருக்க வேண்டும். கைதானவர் கையெழுத்தும் வேண்டும், ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். அந்தச் சாட்சி அவர் குடும்பத்தில் ஒருவராக இருக்கலாம், இல்லையென்றால் கைதான பகுதியைச் சேர்ந்த மதிப்புள்ள ஒருவராக இருக்கலாம்.

ஐயா, கானாடுகாத்தான் பக்கம் மதிப்புள்ளவர் என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் நிலையைப் பெயர்த்தவனே பிடிபட்டு, ராத்திரி ஒரு மணிக்கு ஏட்டு வந்து கதவைத் தட்டலாம். போங்கள். கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் போட்டிருக்கிறதா, அடித்துத் திருத்தாமல் இருக்கிறதா, அவன் நடந்து வருகிறானா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.